முப்பதாயிரம் பி.டி.யு வீட்டுக்கு ஒரு விறகு ஃபர்னஸ்: கணக்கு, பொருத்தல், முதல் தீ

கணக்குக்கு எடுத்துக்கொண்ட வீடு இது. கனடாவின் ஒட்டாவா பக்கம், எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்ப்புறம். முழு பேஸ்மென்ட். எண்ணெய் ஃபர்னஸும் அதற்கான தகர டக்ட்டுகளும் (காற்றுக் குழாய்களும்) ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டுக்கு 2,500 லிட்டர் எண்ணெய் குடிக்கிறது. சுடுநீர் தனியாக மின்சாரத்தில். எண்ணெயைக் கழற்றாமல், அதற்குப் பக்கத்தில் ஒரு விறகு ஃபர்னஸை வைத்து அதே டக்ட்டுகளில் சூடான காற்றை ஏற்ற வேண்டும்.

அடுப்பு, ஃபர்னஸ், பாய்லர் மூன்றையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். விறகு அடுப்பு தான் இருக்கும் அறையைச் சூடாக்கும், மின்சாரம் வேண்டாம். பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டருக்கு அனுப்பும். ஃபர்னஸ் காற்றைச் சூடாக்கி, ஊதி என்னும் மின்விசிறி மூலம் வீடு முழுக்க அனுப்பும். டக்ட் இல்லாத வீட்டுக்கு ஃபர்னஸ் வாங்குவது வீண். திறந்தவெளிச் சிறிய வீட்டுக்கும் நல்ல அடுப்பே போதும். இந்த வீட்டில் டக்ட் இருக்கிறது, அறைகள் மூடி மூடி இருக்கின்றன. அதனால் ஃபர்னஸ்.

கடையில் கேட்கும் முதல் கேள்வி, "வீடு எத்தனை சதுர அடி?" தப்பு அங்கேயே தொடங்குகிறது. 1,800 சதுர அடி வீடு ஒன்று நன்றாகக் காப்பிட்டதாக இருக்கும். அதே அளவில் இன்னொன்று சல்லடையாக இருக்கும். வீட்டின் உண்மையான பசியைச் சொல்வது பழைய எண்ணெய் பில்தான். கணக்கு நீளமானதல்ல.

பி.டி.யு என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 36,500 பி.டி.யு. ஃபர்னஸின் திறன் 80 விழுக்காடு என்று வைத்தால் 2,500 லிட்டர் வீட்டுக்குள் விட்ட வெப்பம் 7.3 கோடி பி.டி.யு, அதாவது 21,400 கிலோவாட் மணி. ஒட்டாவாவின் குளிர்நாள் அளவு, அதாவது ஒவ்வொரு நாளின் சராசரியும் 18 டிகிரி செல்சியஸுக்கு எத்தனை டிகிரி கீழே என்பதன் கூட்டல், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500. அதை 24 மணியால் பெருக்கினால் 1,08,000. முன்னதைப் பின்னதால் வகுத்தால், வெளியே ஒரு டிகிரி இறங்கும்போதெல்லாம் வீடு 0.2 கிலோவாட் கூடுதலாக இழக்கிறது என்று வருகிறது. கட்டட விதிகள் ஒட்டாவாவுக்கு வைத்திருக்கும் ஜனவரிக் குளிர் மைனஸ் 25. உள்ளே 21 வேண்டுமென்றால் வித்தியாசம் 46 டிகிரி. தேவை சுமார் 9.1 கிலோவாட், பி.டி.யு-வில் மணிக்கு 31,000.

முப்பத்தோராயிரம், அதுவும் ஆண்டின் மிக மோசமான இரவுகளில். கடையில் நிற்கும் பெட்டியின் மேல் "1,20,000 பி.டி.யு" என்று எழுதியிருக்கும். அது நன்கு காய்ந்த விறகைத் திணித்து, காற்றை முழுக்கத் திறந்து, சிறிது நேரம் கிடைக்கும் உச்ச வெளியீடு. ஒரு சுமை விறகு எரிந்து முடியும்வரை சராசரியாக எவ்வளவு கிடைக்கும் என்பது சான்றிதழ்ச் சோதனையின் தாளில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் கடையில் மற்றதையும் வாங்க வேண்டாம்.

பெரிய ஃபர்னஸ் வாங்கினால் குறைத்து எரித்துக்கொள்ளலாமே என்பது எல்லோருக்கும் வரும் யோசனை. எண்ணெயில் அது நடக்கும்: பர்னர் நின்றுவிடும். விறகு நிற்காது. காற்றை மூடினால் தீ அடங்கும், ஆனால் சூடான கட்டையிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அது எரியாமல் புகையாகி, புகைபோக்கியில் ஏறும்போது 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் சுவரில் தாராகப் படியும். அதுதான் கிரியோசோட். முதலில் கரித்தூள் போல உதிரும். அடுத்த கட்டத்தில் பொருபொருவென்று செதில் செதிலாக. கடைசியில் கருப்புக் கண்ணாடி பூசியது போல மின்னும், பிரஷ் ஏறவே ஏறாது. அது ஒரு நாள் பற்றிக்கொண்டால் குழாய்க்குள் வெப்பம் 1,100 டிகிரியை எட்டும். அளவுக்கு மீறிய ஃபர்னஸ்தான் இதன் முதல் காரணம். ஈர விறகு இரண்டாவது.

இனி விறகு எரியும் பெட்டியின் அளவு. தொழிலில் ஃபயர்பாக்ஸ் என்பார்கள், கன அடியில் அளப்பார்கள். 3.5 கன அடிப் பெட்டியில் மேப்பிள் போன்ற கெட்டி விறகு சராசரியாக 18 கிலோ, அதாவது 40 பவுண்டு ஏறும். 20 விழுக்காடு ஈரமுள்ள விறகில் ஒரு பவுண்டுக்கு சுமார் 6,900 பி.டி.யு, 70 விழுக்காடு திறனில் 4,800 கையில் வரும். ஆக ஒரு சுமைக்கு 1,90,000 பி.டி.யு. மைனஸ் 25 இரவில் ஆறு மணி நேரம் தாங்கும். வெளியே பூஜ்ஜியம் இருக்கும் நாளில் தேவை 14,000-க்கு இறங்கிவிடும், பதின்மூன்று மணி நேரம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வீட்டுக்கு 3 முதல் 3.5 கன அடி போதும். ஐந்து, ஆறு கன அடிப் பெட்டிகள் காப்பில்லாத பழைய பண்ணை வீட்டுக்கு. "இரவில் எழுந்து விறகு போட வேண்டாம்" என்று ஆசைகாட்டித்தான் அவற்றை விற்பார்கள். எண்ணெய் ஃபர்னஸ் பக்கத்திலேயே இருக்கும்போது அதிகாலை நான்கு மணிக்கு அது ஒரு மணி நேரம் ஓடிவிட்டுப் போகட்டுமே.

அக்டோபரிலும் ஏப்ரலிலும் வெளியே 10 டிகிரி. தேவை 7,000-ஐ ஒட்டித்தான். எந்த விறகு ஃபர்னஸும் அவ்வளவு மெதுவாகச் சுத்தமாக எரியாது. அந்த நாட்களில் நான்கைந்து சிறு கட்டைகளை வைத்து, காற்றைத் திறந்து, சுறுசுறுப்பாக எரித்துவிட்டு அணைய விடுவதே முறை.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் இரண்டாம் கட்ட விதி 2020 மே 15 முதல் நடப்பில் இருக்கிறது: பத்து லட்சம் பி.டி.யு வெப்பத்துக்கு 0.15 பவுண்டு, அதாவது சுமார் 68 கிராம் புகைத்துகள். அதற்கு முந்தைய வரம்பு 0.93 பவுண்டு, ஆறு மடங்கு. சோதனை முறை கனடாவின் தரநிலை அமைப்பான சிஎஸ்ஏ-வின் பி415.1. கனடாவிலும் நல்ல தயாரிப்புகள் இந்த லேபிளோடுதான் வருகின்றன. பழைய ஃபர்னஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதன் விறகுச் செலவைக் கணக்குப் போடுங்கள். நம் வீட்டுக்கு 7.3 கோடி பி.டி.யு வேண்டும். காய்ந்த சுகர் மேப்பிள் ஒரு புஷ் கார்ட் சுமார் 2.4 கோடி. 70 விழுக்காடு திறனில் 4.3 கார்ட், புகைந்து புகைந்து 50 விழுக்காட்டில் எரியும் பழசில் 6. வித்தியாசம் இரண்டு கார்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஒவ்வொரு ஆண்டும், வெட்டி அடுக்கிச் சுமக்கும் கையோடு சேர்த்து. நகர விதிகளையும் முன்கூட்டியே பாருங்கள். மான்ட்ரியலில் 2018 அக்டோபர் 1 முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் விடும் விறகு அடுப்பையோ ஃபர்னஸையோ எரிக்கக் கூடாது.

விறகு வாங்கும்போது அளவில் ஏமாறுவது சகஜம். புஷ் கார்ட் என்றால் 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளம்: 128 கன அடி. ஃபேஸ் கார்ட் அதே முகப்புதான், ஆழம் மட்டும் ஒரு கட்டையின் நீளம், 16 அங்குலம். மூன்று சேர்ந்தால் ஒரு புஷ் கார்ட். விற்பவர் வெறுமனே "ஒரு கார்ட்" என்றால் எது என்று கேளுங்கள். இந்த வீட்டுக்கு வேண்டியது 13 ஃபேஸ் கார்ட். வண்டியிலிருந்து கொட்டிய குவியலை அளக்கவே முடியாது, அடுக்கித்தான் அளக்க வேண்டும்.

"காய்ந்த விறகு" என்று விளம்பரம் செய்து அக்டோபரில் விற்பதில் பெரும்பகுதி அந்த வசந்தத்தில் வெட்டியது. ஆஷ், மேப்பிள் பிளந்து அடுக்கிய பின் குறைந்தது ஓர் ஆண்டு, ஓக் இரண்டு. மரகதத் துளைப்பான் வண்டு 2002-இல் விண்ட்சர், டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து தெற்கு ஒன்டாரியோவில் ஆஷ் மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. அந்த விறகு நல்ல விறகு, ஈரமும் குறைவு. ஆனால் பட்டையோடு வண்டும் வரும். உள்ளூரிலேயே வாங்குங்கள், தூரத்திலிருந்து ஏற்றி வராதீர்கள்.

ஈரமானியை வைத்து அளக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. கட்டையின் முனையில் குத்தினால் 14 காட்டும், மனம் குளிரும். முனை எப்போதும் முதலில் காயும். குளிரில் உறைந்த கட்டையும் பொய் சொல்லும். ஒரு கட்டையை ஒரு நாள் வீட்டுக்குள் வைத்து, பிறகு கோடரியால் பிளந்து, பிளந்த புது முகத்தின் நடுவில், மரத்தின் இழையோட்டத்துக்கு இணையாக இரு ஊசிகளையும் அழுத்துங்கள். இன்னொன்று: பெரும்பாலான மானிகள் காய்ந்த எடையை அடிப்படையாக வைத்து எண் காட்டும். மானியில் 25 என்றால், ஈரத்தோடு சேர்ந்த எடையை வைத்து நாம் இங்கே பேசும் கணக்கில் அது 20. ஆக மானியில் 25-க்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். மானி இல்லையென்றால் ஊரில் செய்வதையே செய்யலாம்: இரண்டு கட்டைகளை மோதினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், பச்சை தொப்பென்று விழும்.

பொருத்துவதற்கு முன் இரண்டு தொலைபேசி அழைப்புகள். ஒன்று காப்பீட்டு நிறுவனத்துக்கு. விறகு என்றதும் சிலர் ஏற்கவே மாட்டார்கள், சிலர் 'வெட்' (WETT, கனடாவின் விறகு வெப்பப் பயிற்சித் திட்டம்) சான்று பெற்ற பரிசோதகரின் அறிக்கை கேட்பார்கள். இன்னொன்று நகராட்சிக் கட்டட அலுவலகத்துக்கு, அனுமதிச் சீட்டுக்காக. பொருத்தும் விதிமுறை சிஎஸ்ஏ பி365.

ஃபர்னஸின் எடை 500 பவுண்டைத் தாண்டும். அப்படியே படியில் இறக்க வேண்டாம். கதவு, ஊதி, உள்ளே அடுக்கிய தீச்செங்கல், மேலே படுத்திருக்கும் தடுப்புப் பலகை எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிட்டால் கணிசமாக இளைத்துவிடும். தடுப்புப் பலகை வெர்மிகுலைட்டாக இருந்தால் பிஸ்கட் மாதிரி. விரலால் அழுத்தினாலே பெயரும், தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். படிக்கட்டின் அடியில் முட்டுக்கொடுத்து, மேலே இரண்டு பலகைகளைப் போட்டு, மேல்மாடித் தூணில் கட்டிய கைவின்ச்சால் சிறிது சிறிதாக விடுவதே பாதுகாப்பு. கீழே யாரும் நிற்கக் கூடாது.

தரை கான்கிரீட் என்றால் பிரச்சினை இல்லை. எரியக்கூடிய தரையென்றால் கதவுக்கு முன்னால் 450 மில்லிமீட்டரும் மற்ற பக்கங்களில் 200 மில்லிமீட்டரும் நீளும் எரியாத் தளம் வேண்டும். சுவரிலிருந்து விடவேண்டிய இடைவெளியை ஃபர்னஸின் லேபிள் சொல்லும். லேபிள் கிழிந்துபோன பழைய ஃபர்னஸுக்கு விதி 1,200 மில்லிமீட்டர் கேட்கும். பேஸ்மென்டில் பாதி போய்விடும். மேலே மரச் சட்டங்களை ஒட்டி ஓடும் முதல் சில அடி டக்ட்டுக்கும் இடைவெளி உண்டு. பழைய எண்ணெய் டக்ட் சட்டத்தோடு ஒட்டியே ஓடும், அதைப் பலர் கவனிப்பதில்லை.

டக்ட் இணைப்பில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. விறகு ஃபர்னஸை எண்ணெய் ஃபர்னஸுக்கு முன்னால், அதாவது திரும்பிவரும் காற்றின் பக்கம் வைத்தால், சுடச்சுட வரும் காற்று எண்ணெய் ஃபர்னஸின் ஊதி மோட்டார் வழியாகப் போய் அதை வறுத்துவிடும். தொடர் இணைப்பென்றால் விறகு பின்னால்தான் வர வேண்டும். ஏசி காயில் இருந்தால் விறகின் வெப்பம் அதன் மேல் படவே கூடாது. உள்ளே இருக்கும் வாயு அழுத்தம் எகிறும். இந்த வீட்டுக்குச் சரிப்படுவது இணை இணைப்பு: இரண்டு ஃபர்னஸுக்கும் தனித்தனி ஊதி, மேலே ஒரே டக்ட்டில் சேரும் இடத்துக்கு முன் ஒவ்வொன்றிலும் ஒரு பின்னோட்டத் தடுப்பு மடல். மடல் இல்லாவிட்டால் விறகின் ஊதி தள்ளும் காற்று அணைந்திருக்கும் எண்ணெய் ஃபர்னஸ் வழியாகத் திரும்பி பேஸ்மென்டிலேயே சுற்றும். மேல்மாடி குளிரும், பேஸ்மென்ட் நீராவிக் குளியலறை போல வேகும்.

திரும்பும் காற்றை ஃபர்னஸ் நிற்கும் அறையிலிருந்தே உறிஞ்ச விடாதீர்கள். ஊதி அந்த அறையின் காற்றை இழுத்துக்கொண்டால் அறை வெளியை விட அழுத்தம் குறைந்துபோகும். புகைபோக்கி தலைகீழாகி புகையை உள்ளே விடும். கூடவே கார்பன் மோனாக்சைடும். டக்ட்டை மேல்தளம் வரை கொண்டுபோய் அங்கிருந்து இழுக்க வேண்டும். சமையலறைப் புகைவாங்கி, துணி உலர்த்தி ஓடும்போதும் இதே கோளாறு சிறு அளவில் வரும்.

புகைபோக்கி. எண்ணெய் ஃபர்னஸின் புகைவழியில் விறகையும் நுழைக்க வேண்டாம், தனி வழி கொடுங்கள். புதிதென்றால் கனடாவின் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யுஎல்சி-யின் எஸ்629 முத்திரையுள்ள, 650 டிகிரிக்கு மதிப்பிட்ட தொழிற்சாலைக் குழாய். பழைய செங்கல் புகைபோக்கியில் காலி வழி இருந்தால் யுஎல்சி எஸ்635 துருப்பிடிக்காத உட்குழாய். 6 அங்குலத்துக்குச் செய்த ஃபர்னஸை 8 அங்குலச் சதுர வழியில் அப்படியே விட்டால் புகை மெதுவாக ஏறும், குளிரும், படியும். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே ஏறட்டும். வெளிச்சுவரில் தனியாக நிற்கும் குழாய் காலையில் பனிக்கட்டி மாதிரி இருக்கும், தீ மூட்டியதும் புகை முகத்தில் அடிக்கும். கூரைக்கு மேலே: துளையிட்ட இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடிக்குள் உள்ள எதைவிடவும் 2 அடி உயரம்.

ஃபர்னஸையும் புகைபோக்கியையும் இணைக்கும் ஒற்றைத் தகரக் குழாயில் சுருக்கிய முனை எப்போதும் ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். முகம் சுளிக்காமல் இதைச் செய்பவர் குறைவு, ஏனென்றால் பார்வைக்குப் புகை கசியும் என்று தோன்றும். கசியாது, இழுவை உள்ளே தான் இழுக்கும். மாற்றிப் போட்டால் வழிந்து வரும் கிரியோசோட் மூட்டு வழியாகத் தரையில் சொட்டும், அந்த நாற்றம் மூன்று வாரம் போகாது. ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று ஸ்க்ரூ, மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் ஏற்றம், 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம், நீளம் 3 மீட்டருக்குள், எரியும் பொருளிலிருந்து 450 மில்லிமீட்டர்.

புகைபோக்கியின் இழுவையை மானோமீட்டர் என்னும் அழுத்தமானியால் அளக்க வேண்டும். ஃபர்னஸிலிருந்து ஓர் அடி மேலே குழாயில் சிறு துளை. தீ நன்றாகப் பிடித்த பிறகு 0.04-லிருந்து 0.06 அங்குல நீரளவு எதிர்மறை அழுத்தம் இருந்தால் பெரும்பாலான ஃபர்னஸுக்குச் சரி, உங்கள் கையேட்டின் எண்ணே இறுதி. கூடுதலாக இருந்தால் காற்றுத் திறப்பை மூடினாலும் தீ அடங்காது, சுமை மூன்று மணி நேரத்தில் கரைந்துவிடும். இழுவை கூடும்போது தானாகத் திறந்து அறைக் காற்றைக் குழாய்க்குள் விடும் மடல், பாரோமெட்ரிக் டாம்பர்; கையேடு கேட்டால் மட்டும் அதைப் போடுங்கள். கேட்காத ஃபர்னஸில் அது குளிர்ந்த காற்றைக் கலந்து குழாயைக் குளிர்விக்கும். புகைபோக்கியில் தீப்பிடித்தால் அதற்குக் காற்றும் ஊட்டும்.

முதல் மூன்று தீ சிறியது, ஜன்னல்கள் திறந்து. பெயின்ட் வேகும் புகை வரும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு ஊதி இரண்டு நிமிடம் ஓடி, நின்று, மறுபடி ஓடி என்று விக்கிக்கொண்டிருந்தால் காற்று மிகக் குளிர்ந்து திரும்புகிறது அல்லது ஊதியின் வேகம் அதிகம். வேகத்தை ஒரு படி குறையுங்கள், பிளீனத்தின் (ஃபர்னஸிலிருந்து சூடான காற்று முதலில் சேரும் பெட்டியின்) அழுத்தத்தை 0.2 அங்குல நீரளவை ஒட்டி வையுங்கள். இதற்கு நேர்மாறாக, அளவுமீறிச் சூடானால் விழும் உச்சவரம்பு சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள், முக்கால்வாசி அதுதான்.

சுமை போடும் விதம்: தணலை இரும்புக் கோலால் கதவுப் பக்கம் இழுத்துக் குவியுங்கள், பின்னால் கட்டைகளை முன்பின்னாக அடுக்குங்கள், மேலே இரண்டாம் நிலைக் காற்றுக் குழாய்களில் இடிக்காமல். காற்று முழுக்கத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம், கட்டைகள் எல்லாம் கருகிப் பிடிக்கும்வரை; பிறகு படிப்படியாகக் குறைக்கலாம். ஒற்றைக் குழாயின் மேற்பரப்பு வெப்பமானி 120-க்கும் 240-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சாம்பல் தட்டைத் திறந்துவைத்துத் தீயை விசிறுவது வேகமான வழிதான். ஆனால் பத்து நிமிடம் மறந்தால் கொல்லன் உலை ஆகிவிடும். தட்டு வளையும், பற்றவைத்த தையல் விரியும். வெடித்த ஃபயர்பாக்ஸுக்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.

மின்சாரம் போனால் ஊதி நிற்கும். 1998 ஜனவரிப் பனிமழையைக் கண்ட கிழக்கு ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் இது பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய மாதிரி மோட்டார் 400 வாட் வரை இழுக்கும். 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியைப் பாதிதான் காலி செய்யலாம், அதாவது 600 வாட் மணி, ஒன்றரை மணி நேரம். ஈசிஎம் எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டு மோட்டார் குறைந்த வேகத்தில் 100 வாட்டில் ஓடும், அதே பேட்டரி ஆறு மணி நேரம். ஊதி வாங்கும்போது இந்த ஒரு காரணத்துக்காகவே ஈசிஎம் கேளுங்கள். மின்சாரமே இல்லாமல் எரிப்பதென்றால் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்து, வடிகட்டியைக் கழற்றி, மிகச் சிறு சுமைகளாக.

கதவின் கயிற்றுக் கேஸ்கெட்டை மாதம் ஒரு முறை காகிதம் வைத்துச் சோதியுங்கள்: மூடிய கதவில் காகிதத்துண்டு உருவ வந்தால் அந்த இடம் போய்விட்டது. புகைபோக்கியை முதல் குளிர்காலத்தில் மாதாமாதம் எட்டிப் பாருங்கள், படிவு 3 மில்லிமீட்டர் ஆனால் பிரஷ். பிரஷ் விட்ட பிறகு தடுப்புப் பலகையின் மேலே விழுந்த கரியை வெற்றிட உறிஞ்சியால் எடுக்க மறக்காதீர்கள். அங்கே அடைத்துக்கொண்டால் புது ஃபர்னஸும் கதவைத் திறந்ததும் புகையும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரத் தளத்தில் வைக்காமல், வெளியே வெறும் மண்ணில் நான்கு நாளாவது விடுங்கள். மேலே குளிர்ந்த சாம்பலின் அடியில் தணல் அத்தனை நாள் உயிரோடு இருக்கும்.